அரைப் பேர்

தேயிலைத் தோட்டத்து ஜனங்களின் பேச்சில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு அகராதிக்காரர்கள் கவனியாமல் விட்ட ஓர் அர்த்தம் உண்டு. விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் வந்து நின்று, கங்காணி காட்டிய மலைக்கு ஏறி, அன்றைக்கு விதிக்கப்பட்ட நிறைக்குக் கொழுந்தைக் கொய்து கொடுத்தவளுக்குச் செக்ரோல் என்னும் வரவு ஏட்டில் அன்று ‘பேர்’ விழுகிறது. நிறை குறைந்தாலோ, மழை அடித்து இடையில் இறங்கி வந்துவிட்டாலோ, விழுவது ‘அரைப் பேர்’. ஒரு மனுஷியின் நாள் முழுவதும் அவளுடைய பெயராகச் சுருங்கி ஏட்டில் ஏறுகிறது என்பதில் ஓர் அழகும், அந்தப் பெயரைப் பாதியாக அறுக்க வேறொருவருக்கு அதிகாரம் உண்டு என்பதில் ஒரு கொடுமையும் சேர்ந்தே இருக்கின்றன.

சர்வதேசச் சுற்றாடல் நிதியங்கள் இலங்கைக்கென்று அங்கீகரித்த கருத்திட்டங்களின் பத்திரங்களைச் சமீபத்தில் வாசிக்கையில் இந்தச் சொல் என் ஞாபகத்துக்கு வந்தது. அப்பத்திரங்களில் ‘பங்காளிகள்’ என்று ஒரு பகுதி தவறாமல் இருக்கும். அமைச்சுக்கள், திணைக்களங்கள், அதிகாரசபைகள், பல்கலைக்கழகங்கள், தனியார் கம்பெனிகள், பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்கள் எல்லாம் அதில் முழுப் பேர் பெற்று நிற்கும். எந்த மலையின் மண்ணைக் காப்பதற்காகப் பணம் கேட்கப்படுகிறதோ அந்த மலையில் ஐந்தாறு தலைமுறைகளாகக் குடியிருக்கும் தோட்டத்து ஜனங்கள், ‘பயன்பெறுவோர்’ என்ற பொதுவான தலைப்பின் கீழே, ஓர் எண்ணிக்கையாக வந்து போவார்கள். அதாவது, அரைப் பேர்.

இந்த நிதியங்கள் யாவை, அவற்றின் ஏட்டை எழுதுவோர் யார் என்பதைச் சற்றுச் சொல்லாமல் மேலே போவதற்கில்லை. பூகோளச் சுற்றாடல் வசதி என்ற ஸ்தாபனம் 1991ஆம் ஆண்டில் உலக வங்கியின் அரவணைப்பில், நூறு கோடி டாலர் மூலதனத்தோடு, ஒரு பரீட்சார்த்த முயற்சியாகத் தொடங்கி, றியோ மகாநாட்டுக்குப் பிற்பாடு 1994இல் திருத்தி அமைக்கப்பட்டது. பசுமைக் காலநிலை நிதியம் அதற்கு இளையது. 2010ஆம் ஆண்டு மெக்சிக்கோவின் கான்கூன் நகரில் கூடிய மகாநாட்டில் தீர்மானிக்கப்பட்டு, தென்கொரியாவின் சொங்டோ நகரில் தலைமையகம் கொண்டது. இருபத்து நான்கு ஆசனங்கள் கொண்ட அதன் சபையில் பன்னிரண்டு ஆசனங்கள் செல்வ நாடுகளுக்கும் ஏனைய பன்னிரண்டும் வளர்முக நாடுகளுக்கும் உரியவை. கொடுப்பவனும் வாங்குபவனும் ஒரே எண்ணிக்கையில் எதிரெதிரே அமர்ந்திருப்பது உலகப் பணவிவகாரங்களில் அபூர்வமான காட்சி என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இத்தகைய ஸ்தாபனத்தில் கொள்கைக்கும் பங்காண்மைக்கும் பொறுப்பான முகாமையாளரின் உத்தியோகம் வெளியுலகுக்குத் தெரியாத உத்தியோகம். பணத்தை அவர் கொடுப்பதில்லை. மரத்தை நடுவதும் அவரல்லர். யார் கதவைத் தட்டலாம், எந்தக் கடிதத்தோடு தட்டவேண்டும், எந்தக் கேள்விக்குப் பதில் எழுதாவிட்டால் விண்ணப்பம் திரும்பிவிடும் என்பவற்றை வகுத்து, அந்த விதிகளைச் சபையிலுள்ள இரு தரப்பாரும் சகித்துக்கொள்ளும் வாசகத்தில் அமைத்துக் கொடுப்பதே அவர் காரியம். அது எவ்வளவு கடினம் என்பதற்கு 2018ஆம் ஆண்டு ஜூலை மாதத்துச் சொங்டோக் கூட்டமே போதும். நான்கு நாட் கூட்டத்தில் முதலிரண்டு நாட்கள் நிகழ்ச்சி நிரலைப் பற்றிய தர்க்கத்திலேயே கழிந்து, ஒரு கருத்திட்டமும் அங்கீகாரம் பெறாமல், நிறைவேற்றுப் பணிப்பாளர் ஹோவார்ட் பாம்ஸி பதவியை விட்டு விலகியதோடு அது முடிந்தது. எல்லோரும் சம்மதித்தாலன்றித் தீர்மானமில்லை என்ற சம்பிரதாயத்தைத் தளர்த்தி, சம்மதம் கிட்டாதவிடத்து வாக்கெடுக்கலாம் என்ற விதியை அடுத்த வருஷமே கொண்டுவந்தார்கள். பணத்தின் கதையும் சுகமானதன்று. முதற் சுற்றில் முந்நூறு கோடி டாலர் தருவதாக வாக்களித்த அமெரிக்கா, 2017ஆம் ஆண்டு ஜனவரிக்குள் நூறு கோடியைக் கொடுத்தது. ஜனாதிபதி மாறியதும் எஞ்சியதைத் தர மறுத்துவிட்டது.

இப்படியெல்லாம் பாடுபட்டுச் சேர்ந்த பணம் ஒரு மலைநாட்டுக் கிராமத்துக்கு வந்துசேர வேண்டுமானால் இரண்டு வாசல்களைத் தாண்டவேண்டும். ஒன்று, நிதியம் ஏற்கெனவே பரீட்சித்து அங்கீகரித்த ஒரு நிறுவனம் விண்ணப்பத்தைத் தன் பெயரில் சமர்ப்பிக்கவேண்டும். மற்றது, அந்நாட்டு அரசாங்கம் நியமித்த அதிகாரபீடம், நம் நாட்டில் அது சுற்றாடல் அமைச்சு, ‘எமக்கு ஆட்சேபமில்லை’ என்று கடிதம் கொடுக்கவேண்டும். முதல் வாசலில் வெகுகாலம் வெளிநாட்டு நிறுவனங்களும் ஐக்கிய நாடுகள் சபையின் கிளைகளுமே நமக்காக நின்றன. 2023ஆம் ஆண்டில்தான் டி.எஃப்.சி.சி. வங்கி அந்த அங்கீகாரத்தைப் பெற்று, உள்நாட்டவர் நேரே நுழையும் வழி ஒன்றைத் திறந்தது. இரண்டாவது வாசலைப் பற்றி எனக்கு ஒரு விகடமான எண்ணம் தோன்றுவதுண்டு. ‘ஆட்சேபமில்லை’ என்ற கடிதத்தை அரசாங்கத்திடம் கேட்கிறார்கள். மலையில் இருப்பவர்களிடம் ‘உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?’ என்று கேட்டால் அவர்கள் சொல்லக்கூடிய பதில் ஒரு கடிதத்தில் அடங்காது என்பது தெரிந்துதான் போலும்.

பேராதனையிலிருந்து ஹிந்தகல, கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கு ஏறும் பாதையில் போகிறவன் கண்களுக்கு, இந்த விவகாரம் சொங்டோவைவிடத் தெளிவாகத் தெரியும். தமிழ்த் தொழிலாளர்களின் லயங்களும், சிங்களக் கிராமங்களும், அருள்வாக்கி அப்துல் காதிறுப் புலவரைத் தந்த போப்பிட்டியைப் போன்ற முஸ்லிம் ஊர்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் பிரதேசம் இது. 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இங்கிருந்து தொலைவில் இல்லை. அதற்கு முன் இம்மலைகளைப் பிடித்திருந்தது கோப்பி. காட்டை அடியோடு வெட்டி எரித்து, சரிவின் போக்கிலேயே செடியை வைத்து, பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மேல்மண்ணைச் சில பத்தாண்டுகளில் ஆற்றுக்குக் கொடுத்த பயிர் அது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அதனை அழித்தது. மண் போன வழி போனதுதான்.

இந்த மலைகளைப் பற்றிய சர்வதேசச் சுற்றாடற் கொள்கை நேற்றுப் பிறந்ததன்று என்று நினைக்கும்போது வியப்பாகவே இருக்கிறது. இலண்டன் கியூ தோட்டத்தின் அதிபராயிருந்த ஜோசப் ஹூக்கர் 1873ஆம் ஆண்டில் இலங்கையின் மலைக்காடுகள் அழிவதைக் குறித்து எச்சரித்தார்; அதன் விளைவாக 5000 அடிக்கு மேலுள்ள அரச காடுகளைத் தோட்டங்களுக்கு விற்பது நிறுத்தப்பட்டது. நல்ல கொள்கைதான், இன்றைக்கும் சிகரங்களில் எஞ்சியிருக்கும் பசுமைக்கு அதில் பங்குண்டு. ஆனால் அந்த 5000 அடிக்குக் கீழே, மண் ஓடாமல் நிற்பதற்கென்று சரிவுக்குக் குறுக்கே அடிக்கு அடி கான் வெட்டியவர்களும், கல்லுக் கட்டியவர்களும், வருஷந்தோறும் அந்தக் கான்களில் நிறைந்த வண்டலை அள்ளி மேலே போட்டவர்களும், தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர். ஹூக்கரின் எச்சரிக்கை சரித்திரத்தில் இருக்கிறது. கான் வெட்டியவனின் பெயர் அன்றைய செக்ரோலில் இருந்து, செல்லரித்துப் போயிற்று. கான் வெட்டுவதைக் கூலிச் செலவென்று எண்ணிய நிர்வாகங்கள் பிற்காலத்தில் அதனைக் குறைத்துக்கொண்டே வந்தன என்பதும், மண்ணரிப்பைப் பற்றிய இன்றைய முறைப்பாடுகளில் பாதி அதிலிருந்தே பிறக்கிறது என்பதும் மலையில் வேலை செய்த யாருக்கும் தெரியும்.

இம்மலைகளில் விழுகிற மழை மகாவலியைச் சேர்கிறது. மகாவலியோ விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே என்று அணைக்கு அணை இறங்கி, நாட்டுக்கு மின்சாரத்தையும் கீழ்நாட்டு வயல்களுக்குப் பாய்ச்சலையும் கொடுக்கிறது. மலையிலிருந்து கழன்ற மண் ஒவ்வொரு பிடியும் ஏதோ ஓர் அணையின் அடியில்தான் போய்ப் படிகிறது. ஆகையால் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் தேய்ந்துபோன விவசாய நிலங்களை மீட்பதற்கென்று, பூகோளச் சுற்றாடல் வசதியின் சுமார் 13 இலட்சம் டாலர் நன்கொடையில், உணவு விவசாய ஸ்தாபனம் ஒரு கருத்திட்டத்தை நடத்தியது வரவேற்கத்தக்க காரியமே. மகாவலிக்கு அப்பால் தும்பறை மலைத்தொடரில், நக்கிள்ஸ் என்று உலகம் அறிந்த அந்த நீரேந்து பிரதேசத்தில், பசுமைக் காலநிலை நிதியம் 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ நான்கு கோடி டாலர் நன்கொடைக்கு அங்கீகாரம் அளித்தது. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேசச் சங்கம் அதற்கு அங்கீகரிக்கப்பட்ட நிறுவனமாக நிற்கிறது. அக்கருத்திட்டத்தின் நீண்ட தலைப்பிலேயே, சிறு விவசாயிகளோடு பெருந்தோட்டச் சமூகங்களும் சொல்லப்பட்டிருக்கின்றன. தலைப்பிலே இடம் கிடைத்தது சிறு காரியமன்று; அதை நான் மனமார மெச்சுகிறேன். தலைப்பிலிருந்து கையொப்பம் வரையிலான தூரத்தைப் பற்றியே எனக்கு வழக்கு.

அந்தத் தூரத்தின் பெயர் நிலம். மண்ணைக் காக்கும் கருத்திட்டம் எதுவாயினும், முதலிற் கேட்கும் கேள்வி, இந்தத் துண்டு நிலம் யாருடையது என்பதே. மரக்கன்று வேண்டுமா, உறுதியைக் காட்டு. வரம்பு கட்ட உதவி வேண்டுமா, அனுமதிப்பத்திரத்தைக் காட்டு. கிராமத்து விவசாயி எதையாவது காட்டுவான். தோட்டத்துக்காரனிடம் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவன் பாட்டனை நாடற்றவனாக்கியது. 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவன் உறவினரில் ஒரு பகுதியைக் கப்பலேற்றி அனுப்பியது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரஜாவுரிமைப் பிரச்சினை ஒருவாறு தீர்ந்ததாயினும், அவன் வசிக்கும் லயக் காம்பரா தோட்டத்தின் சொத்து, அவன் பின்புறத்துத் தோட்டத்தில் நட்டிருக்கும் வாழையும் கறிவேப்பிலையும் தோட்டத்தின் தயவு. உள்ளூராட்சியே அவனைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருந்ததை எண்ணிப் பாருங்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாயிருந்து, 2018இல்தான் திருத்தப்பட்டது. வாக்களித்து அங்கத்தவரைத் தெரிந்து அனுப்பியவன், அந்த அங்கத்தவர் தன் லயத்துக்கு ஒரு பாதை போடச் சட்டம் இடந்தராமல் முப்பது வருஷம் காத்திருந்தான். கொழும்பிலும் சொங்டோவிலும் ‘உள்ளூராட்சி மன்றங்களைப் பங்காளிகளாகக் கொண்டு’ என்று எழுதப்படும் வாக்கியம் தெல்தோட்டைத் தோட்டமொன்றின் வாசலில் எப்படி நின்றுபோகும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

நிலவுடைமை ஒரு நாட்டின் உள்விவகாரம், அதில் அந்நிய நிதியம் தலையிடலாமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான், சுயாதிபத்தியத்தை அற்பமாகப் பேசுகிறவன் அல்லன் நான். ஆனால் இதே பசுமைக் காலநிலை நிதியம், ஆண் பெண் சமத்துவத்துக்கான செயற்றிட்டம் இல்லாத விண்ணப்பத்தை ஏற்பதில்லை. பூர்வகுடிகளின் முன்னறிந்த சுதந்திரமான சம்மதத்தைப் பெறவேண்டும் என்று 2018இல் ஒரு கொள்கையையே இயற்றியிருக்கிறது. இவையெல்லாம் தலையீடாகக் கருதப்படவில்லை. பூர்வகுடிகள் என்ற அந்த வகுப்பில் நம்மவர் அடங்கமாட்டார்கள். 2023இல் இருநூறு வருஷ ஞாபகார்த்தம் கொண்டாடிய ஒரு சமூகம், உரிமை கோருமிடத்தில் ‘வந்தேறிகள்’ என்றும், சம்பளம் கோருமிடத்தில் ‘வழிவழித் தொழிலாளர்’ என்றும் மாறிமாறி அழைக்கப்படும் விசித்திரத்தை எந்த வகுப்பில் அடக்குவது? நிலத்தில் உரித்தில்லாமல் நிலத்தைச் சார்ந்து வாழ்பவர் என்றொரு வகுப்பைக் கொள்கைப் பத்திரத்தில் எழுதச் சொங்டோ உத்தியோகஸ்தருக்குப் பெரிய புரட்சி மனப்பான்மை வேண்டியதில்லை. பேனாவும் சிறிது துணிவும் போதும். நிலத்தையே கொடு என்று அரசாங்கத்திடம் அவர் சொல்லவேண்டாம். நடப்படும் மரம் பயன்தரும் காலம் வரைக்கும் அதை நட்டவனுக்கு அனுபோக உரிமை தரும் எழுத்து ஒன்றில் தோட்ட நிர்வாகம் கையொப்பமிட்டால்தான் முதற் தவணைப் பணம் என்று சொன்னால் போதும். கண்டி மாவட்டத்துத் தோட்டங்களிற் பல இன்னும் அரசாங்கச் சபைகளின் பரிபாலனத்திலேயே இருக்கின்றன. ‘ஆட்சேபமில்லை’ என்று எழுதும் அதே அரசாங்கத்துக்கு இந்தக் கையொப்பம் தூரத்துக் கனியன்று.

இதற்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. கடலுக்கு அப்பால் இராமநாதபுரத்தில், பூகோளச் சுற்றாடல் வசதியின் பணத்தோடு மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்துக்காக ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. இருபத்தொரு தீவுகளைச் சூழ்ந்த அந்தக் கடலுக்கு மீனவனிடம் உறுதிப்பத்திரம் ஏது? ஆயினும் கரையோரக் கிராமங்களில் குழுக்கள் அமைத்து, அவற்றின் கையிலே சுழல்நிதியைக் கொடுத்து, அவர்களோடு பேசிக் காரியம் பார்க்க அந்த அறக்கட்டளை முயன்றது. தீவுகளுக்குப் போகத் தடைவிதிக்கப்பட்ட கடற்பாசிப் பெண்களுக்கும் வன இலாகாவுக்கும் இடையே மனஸ்தாபங்கள் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. அந்தப் பெண்களோ, மாதத்தில் இத்தனை நாட்களே பாசி எடுப்பது என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்டார்கள்; அவர்களுடைய தலைவிக்கு 2015இல் ‘சீகாலஜி’ பரிசு கிடைத்தது. எந்த முகாமையாளரும் எழுதிக்கொடுக்காத கொள்கை அது.

பூகோளச் சுற்றாடல் வசதியின் சிறு நன்கொடைத் திட்டம் 1992 முதல் நடக்கிறது. வெகுகாலம் ஒரு குழுவுக்கு ஐம்பதினாயிரம் டாலர் என்ற உச்சவரம்போடு, இலங்கையிலும் பல நல்ல காரியங்களுக்குப் பயன்பட்டது. கோடிகளைக் கொடுக்கும் வாசலைவிட இந்தச் சிறிய வாசலிலேயே தோட்டத்து ஜனங்களுக்கு எனக்கு நம்பிக்கை அதிகம். விண்ணப்பிக்கும் குழு பதிவுபெற்றிருக்கவேண்டும், வங்கிக் கணக்கு வைத்திருக்கவேண்டும் என்ற நிபந்தனைகள் தோட்டத்து மாதர் சங்கத்துக்கும் கோயிற் பரிபாலன சபைக்கும் அசாத்தியமானவையல்ல. தேர்த்திருவிழாவுக்குச் சல்லிக்காசு பிசகாமல் கணக்கு வைக்கத் தெரிந்தவர்களுக்கு மரக்கன்றுக் கணக்கு வராதென்று நான் ஒப்பமாட்டேன்.

மண்ணைப் பற்றிய இந்தப் பேச்செல்லாம் 2025ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியோடு வேறு கனம் பெற்றுவிட்டது. ‘டித்வா’ சூறாவளி அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மிகுதியாக இழந்தது நமது கண்டி மாவட்டம். அதற்கு முன் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை இறங்கியது. அந்த இடம் அபாயமானது என்று அதற்கு வெகுமுன்னரே அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கப்பட்டவர்களுக்குப் போவதற்கு ஒரு பேர்ச் காணி இருக்கவில்லை. இழப்புக்கும் சேதத்துக்கும் ஈடுசெய்யவென்று 2022ஆம் ஆண்டில் எகிப்திலே தீர்மானித்து, மறுவருஷம் டுபாயில் உருக்கொடுத்த நிதியம் முதற் கட்டமாக இருபத்தைந்து கோடி டாலருக்கு விண்ணப்பங்களைக் கோரியிருக்கிறது. நம் அரசாங்கமும் அந்த வாசலில் நிற்கத்தான் வேண்டும். அந்த விண்ணப்பத்தில், வீடிழந்தவர் யார் என்று எழுதும் இடத்தில், தமக்குச் சொந்தமில்லாத வீட்டை இழந்தவர்களை எப்படி எழுதப்போகிறோம் என்பதை இப்போதே யோசிக்கவேண்டும். ஏனெனில் உறுதியில்லாதவன் இழந்த வீடு, கணக்கிலே, கம்பெனி அல்லது சபை இழந்த கட்டிடமாகிவிடும்.

இன்னொரு சிறு காரியம் உண்டு. பசுமைக் காலநிலை நிதியத்துக்குச் சுயாதீனமான முறைப்பாட்டுப் பிரிவு ஒன்று இருக்கிறது. கருத்திட்டத்தால் பாதிக்கப்பட்ட எவரும் தம் சொந்த மொழியிலேயே அதற்கு எழுதலாம். தமிழிலும் எழுதலாம் என்ற இச்செய்தி நம் தோட்டங்களில் எத்தனை பேரின் காதில் விழுந்திருக்கும்? முறைப்பாட்டுக்கு முன்னதாக நடக்கவேண்டிய ஆலோசனைக் கூட்டங்களோ பெரும்பாலும் நகரத்து மண்டபங்களில், வேலை நாளில், முற்பகல் பத்து மணிக்குக் கூடுகின்றன. அந்த நேரத்தில் கொழுந்துப் பெண் மலையில் நிற்கிறாள். இறங்கி வந்தால் அன்றைக்கு அரைப் பேர். பங்காண்மைக்குப் பொறுப்பான உத்தியோகஸ்தர் எவரேனும் தெல்தோட்டைப் பக்கம் வர நேர்ந்தால், முந்தின நாள் இரவே வந்து தங்கி, காலை ஆறரை மணிக்குப் பிரட்டுக் களத்துக்கு வரட்டும். கூட்டம் அங்கே ஏற்கெனவே கூடியிருக்கும்.